சைபின் வாயசைத்த படம்

எங்கள் பிரே ஊரில் கம்பான் நாய் மாதிரிக் குரைத்தால், சினிமாக் கொட்டகைக்கு வெளியே படுத்திருக்கும் நாய்கள் எழுந்து பதில் சொல்லும். அவள் புலியாக உறுமிய அன்று முன்வரிசைப் போலீஸ்காரர் தொப்பியை விட்டுவிட்டு ஓடியதை நானே பார்த்தேன். தொப்பி மட்டும் படம் முடியும்வரை இருந்து பார்த்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்தப் போலீஸ்காரரும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்துப் படங்கள் ஊமையாகத்தான் வரும். பாங்காக்கில் படத்தை மட்டும் பிடித்து, பெட்டிக்குள் ஒரு கட்டு வசனத் தாளையும் வைத்து அனுப்பிவிடுவார்கள். பேசுவது அந்தந்த ஊர்க் கொட்டகையில் மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவர் பாடு. மற்ற ஊர்களில் ஆண் குரலுக்கு ஒருவர், பெண் குரலுக்கு ஒருவர் இருப்பார்கள். எங்கள் ஊரில் நாயகன், நாயகி, வில்லன், வில்லனின் மாமியார், கைக்குழந்தை, யானை எல்லாமே கம்பான்தான். வசனம் பிடிக்காவிட்டால் மாற்றியும் விடுவாள். பக்கத்து லம்பாங்கில் செத்துப்போன நாயகி, எங்கள் ஊரில் மயக்கம் தெளிந்து கல்யாணம் செய்துகொண்டது உண்டு. "காசு குடுத்து வந்த சனம் அழுதுட்டா போகணும்?" என்பாள்.

அவளுடைய ஒரே மகள் சைபின் பள்ளியில் என்னிடம் பாடம் படித்தவள். கணக்கில் மக்கு, கண்ணாடி முன்னால் கெட்டிக்காரி. பள்ளி முடித்ததும் நடிக்கப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டினாள். அன்று அவர்கள் வீட்டில் நானும் இருந்தேன்.

"திரையில வாயசைக்கிற கழுதைக்கெல்லாம் நான்தாண்டி இங்க சத்தம் குடுக்கிறேன். நீயும் போய்க் கழுதையாகணுமா?" என்றாள் கம்பான்.

"அப்போ எனக்கும் நீதானேம்மா பேசுவே? வெளியாளு யாரோ பேசுறதுக்கு இது மேலு."

"உனக்கா? என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை கிடைக்காது. போ."

சைபின் சிரித்துக்கொண்டே போனாள். அம்மாவின் வாயிலிருந்து தினமும் ஆயிரம் பொய் வருவதைக் கேட்டு வளர்ந்த பெண். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

இரண்டு மழைக்காலம் கழித்து அவள் நடித்த படம் வந்தது. ஒருநாள் ஆட்டம்தான்; மறுநாள் படப்பெட்டி ‘நான்’ என்கிற அடுத்த ஊருக்குப் போக வேண்டும். விளக்கு அணைந்த பிறகு யாரோ வந்து என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாங்காக் சென்ட் வாசனை. சைபின்.

"டீச்சர், உஷ். நான் வந்தது அம்மாவுக்குத் தெரியாது. காப்பிக்கடையில ஒரு சீன் வருவேன். ஒரே ஒரு வசனம். அம்மா அதை எப்படிப் பேசுதுன்னு கேட்கத்தான் பஸ் ஏறி வந்தேன்."

துப்பாக்கி நாயகன் காப்பிக்கடையில் வந்து உட்கார்ந்தான். திரை முழுக்கச் சைபின் முகம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் உதடுகள் அசைந்தன. கொட்டகையில் சத்தமே இல்லை. மைக் மேசையைப் பார்த்தேன். கம்பான் தலையைக் குனிந்து வசனத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையைப் பார்க்கவே இல்லை.

"என்ன கம்பான், தூங்கிட்டியா?" என்று எவனோ கத்தினான். "ஊமைப் பொண்ணுடா!" என்றான் இன்னொருவன். கொட்டகை சிரித்தது. அதற்குள் நாயகன் பேச ஆரம்பித்துவிட்டான். கம்பானின் கட்டைக்குரல் கணீரென்று வந்தது.

"அம்மாவுக்கு இருமல் வந்திருக்கும், இல்லையா டீச்சர்?" என்றாள் சைபின். என் கையை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

காலையில் நான் போய், சைபின் வந்திருந்ததைச் சொன்னதும் கம்பான் செருப்பில்லாமல் பஸ் நிலையத்துக்கு ஓடினாள். பஸ் போய்விட்டிருந்தது. அந்த வருடக் கடைசியிலேயே பாங்காக்கில் காய்ச்சல் கண்டு சைபினும் போய்விட்டாள். சாம்பல்தான் ஊர் திரும்பியது.

அதற்குப் பிறகு ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. சைபின் அந்த இடத்தில் வசனத்தையே பேசவில்லை, "அம்மா" என்று கூப்பிட்டாள் என்று மீன்காரி சொன்னாள். இல்லை, "மன்னிச்சிரும்மா" என்றாள் என்றான் டிக்கெட் கிழிப்பவன். படம் பார்த்த அத்தனை பேரும் அந்த உதட்டைப் பார்த்திருந்தார்கள், பெற்றவள் ஒருத்தியைத் தவிர. எங்கே கோயில் திருவிழாவில் துணி கட்டிப் பழைய படம் போட்டாலும் கம்பான் போய் உட்காருவாள். அந்தப் படம் வரவே இல்லை. பிறகு படங்கள் தாங்களே பேசப் பழகிக்கொண்டன. கொட்டகை பாத்திரக் கிடங்கானது.

தலைமுறை ஒன்று கழிந்தபின், சியாங் மாயிலிருந்து பிம் என்ற கல்லூரி ஆசிரியை வந்தாள். உலகத்தில் யாருக்கும் தெரியாத படம் என்றால் அவளுக்கும் அவள் கூட்டத்துக்கும் பிரியாணி மாதிரி. அந்த ‘நான்’ ஊரில் ஒரு கோயில் பரணில், புத்தர் சிலைக்குச் சாத்திய பழைய துணிகளுக்கு அடியில் அந்தப் பெட்டி கிடைத்திருக்கிறது. வசனத் தாளும் கூடவே.

"பெரியம்மா, நீங்கதான் முன்ன மாதிரி மைக்ல பேசணும். ஊர் ஊரா ஆளுங்க வர்றாங்க," என்றாள்.

"பேசுறேன். முதல்ல காப்பிக்கடையைக் காட்டு," என்றாள் கம்பான்.

பிம் மேசைமேல் இருந்த படம் பார்க்கும் கருவியில் சுருளை மாட்டிக் கையால் மெல்லச் சுற்றினாள். சின்னக் கண்ணாடியில் சைபின் வந்தாள். வயதே ஆகாமல் வந்தாள். உதடுகள் அசைந்தன. கம்பான் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இன்னொருக்கா."

பிம் சுற்றினாள்.

"இன்னொருக்கா, தாயி. மெதுவா."

மூன்றாவது தடவை கம்பானின் உதடுகளும் கூடவே அசைந்தன. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எண்ணுறா, டீச்சர். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு."

பிம்முக்கு அதில் ஆச்சரியமில்லை. "சின்ன வேஷக்காரங்களுக்கு வசனமே சொல்லித்தர மாட்டாங்க, பெரியம்மா. எப்படியும் வேற ஆள்தானே பேசப்போறாங்க. சும்மா எண்ணச் சொல்லுவாங்க."

"தெரியும், தெரியும். எத்தனை பேருக்கு நான் எண்ணிக்கைமேல வசனம் ஒட்டியிருக்கேன்!" என்றாள் கம்பான். சிரிக்கப் பார்த்தாள். "உங்கிட்டப் படிச்சும் எண்ணத் தெரிஞ்சிருக்கு பாரு, அவளுக்கு."

 

ஆட்டத்தன்று பள்ளிக்கூட மண்டபம் நிறைந்துவிட்டது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர்கள், இரண்டு வெள்ளைக்காரர்கள். கம்பான் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள். வில்லன் பேசினான், மாமியார் ஏசினாள், குதிரை கனைத்தது. வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று அந்தக் கிழவியைத்தான் பார்த்தார்கள்.

காப்பிக்கடை வந்தது. இந்தத் தடவை அவள் தாளைப் பார்க்கவில்லை.

"பாலு ஜாஸ்தியா, கம்மியாண்ணே?"

அந்த வயதில் அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ. பத்தொன்பது வயதுக் குரல். சைபினின் குரலேதான், மூக்கில் லேசாக ஒட்டுகிற அந்த இழுப்பு உட்பட. சபையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு காப்பிக்கடைப் பெண் பால் எவ்வளவு என்று கேட்டால் யார் கைதட்டப் போகிறார்கள்? அந்தப் பெண் அன்று பஸ் ஏறி வந்தது இவ்வளவைக் கேட்கத்தான்.

அடுத்து நாயகனின் முகம். "ஜாஸ்தியாவே போடு" என்பது அவனுடைய வசனம். அவன் வாயசைத்தான். கம்பான் கட்டைக்குரலில் கேட்டாள்:

"நீ சாப்டியாம்மா?"

துப்பாக்கியும் மீசையுமாக உட்கார்ந்திருப்பவன் இப்படிக் கேட்கவும் மண்டபமே குலுங்கிச் சிரித்தது. பிம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கம்பான் கையை உயர்த்தி, சிரிப்பை அடக்கச் சொல்வதுபோல் காட்டிவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல அந்தப் பெண் திரும்பவும் வருவாள் என்று பார்த்தாள்.

அந்தப் படத்தில் சைபினுக்கு ஒரே தடவைதான். வில்லனின் ஆட்கள் கடைக்குள் புகுந்துவிட்டார்கள், துப்பாக்கிகளை எடுத்துவிட்டார்கள்.

கம்பான் மைக்கை அருகே இழுத்து, வாயால் சுட ஆரம்பித்தாள்.