ஏலக்காய்க் கடையில் கர்த்தர் எனக்குத் தந்த நாற்காலி

மூன்று ஆண்களுக்கு நான் வேலை கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொண்டதும் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக எனக்கு மேலே நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள். நான்காவது ஆளை முதலாளி கூட்டிக்கொண்டு வந்த அன்று, முறத்தை மடியில் வைத்தபடியே அழுதேன். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள் நான். ஆனாலும் அன்று கர்த்தர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அன்பானவர்களே, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நல்லதை மட்டும் சொன்னால் அது சாட்சி ஆகாது.

என் பெயர் ஜெயமணி. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் எனக்குக் காய் பொறுக்கும் வேலை. எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. மலையிலிருந்து மூட்டை மூட்டையாகக் காய் வரும். பின்கட்டுக் கொட்டகையில் இருபது பெண்கள் தரையில் உட்கார்ந்து சொத்தை, வெடிப்பு, வெளிறியது என்று பிரித்துப் போடுவோம். முன்கட்டில் ஒரு நாற்காலி உண்டு. ரகம் பார்க்கிறவர் அதில் உட்காருவார். வியாபாரிகள் முன்னால் மூட்டையின் தையலைப் பிரித்து, நாலு காயை எடுத்துக் கடித்து, மென்று துப்பிவிட்டு, இது முதல் ரகம், இது மூன்றாம் ரகம் என்று சொல்வார். அவர் சொன்னதை வைத்துத்தான் விலை. அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்ததாக எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

எங்களுக்கோ காயை வாயில் வைக்கவே கூடாது. வைத்தால் திருட்டு. சாயங்காலம் வெளியே போகும்போது முந்தானையை உதறிக் காட்டவேண்டும். வாயைத் திறந்து ஊதிக் காட்டவேண்டும். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட ஊதிவிட்டுத்தான் போவார்கள். பதினோரு வருஷம் ஏலக்காய்க்கு நடுவில் இருந்தும் அந்தக் கடைக் காயின் ருசி எனக்குத் தெரியாது. ஆனால் கர்த்தர் எனக்கு நல்ல காதைக் கொடுத்திருந்தார். ஒரு பிடி காயை அள்ளிக் காதோரம் குலுக்கினால் போதும். முற்றிய புதுக் காய் அதிகம் சத்தம் போடாது, ஏலரிசி என்கிற விதை உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பிஞ்சும் பழையதும் கலகலக்கும். பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டு நானே கற்றுக்கொண்டது இது.

புதிதாக ரகம் பார்க்க வருகிறவரை முதலாளி ஒரு மாதம் என் பக்கத்தில் உட்கார வைப்பார். "எல்லாம் ஜெயமணிகிட்ட கேட்டுக்க" என்பார். நான் சொல்லிக் கொடுப்பேன். பிறகு அவர் முன்கட்டுக்குப் போய்விடுவார். நான்காவதாக வந்தவர் முதலாளியின் மச்சினர் மகன் சந்திரன். நல்ல மனுஷர். "அக்கா, அக்கா" என்று மரியாதையாகத்தான் பேசுவார். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவரும் முன்கட்டுக்குப் போன பிறகு, மனம் பொறுக்காமல் ஒருநாள் முதலாளியிடமே கேட்டுவிட்டேன். "அந்த வேலைய நானே பாக்குறேனே முதலாளி."

அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "ஏத்தா, உனக்குத் தெரியும்கிறது எனக்குத் தெரியாதா? வெளியூர் யாவாரிக நாலு பேரு வந்து உக்காந்திருக்காக. அவுக முன்னால ஒரு பொம்பள காயக் கடிச்சுத் துப்பிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? போயி வேலையப் பாரு."

என் கணவர் சாமுவேல் கடைவீதியில் தையல்காரர். அவரிடம் சொன்னேன். "அவுக சொன்னதுல என்ன தப்பு? நான் கடைவீதியில தலை நிமிந்து நடக்கணுமா வேண்டாமா?" என்றார். கொட்டகையில் என் பக்கத்தில் உட்காரும் கருப்பாயி அதற்கும் மேலே போனாள். "ஒரு பொம்பளைக்குக் கீழ நாங்க வேலை செய்யணுமாக்கும்? ஆம்பள வைஞ்சாக்கூடப் பொறுத்துக்கலாம்டி." கொட்டகையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நான் நொறுங்கிப்போனேன்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, மூட்டைகளுக்கு நடுவில் முழங்கால் போட்டேன். பதினோரு வருஷமாக என்னதான் ஜெபித்தேன் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். "எங்களைத் திட்டாத ஆளை அனுப்பும். இரக்கமுள்ள ஆளை அனுப்பும்." இவ்வளவுதான். "அந்த வேலையை எனக்குத் தாரும்" என்று ஒருநாளும் கேட்டதில்லை. முதலாளியிடம் கேட்டதை ஆண்டவரிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அது ஆண்கள் இடம் என்று என் மனசுக்குள்ளும் ஊறிப்போயிருந்தது. அன்று சுற்றி வளைக்காமல் கேட்டேன். "ஆண்டவரே, அந்த வேலை எனக்கு வேண்டும். எனக்கு அது தெரியும்." கேட்டதும் கண்ணீர் வந்தது.

பத்தாம் நாள், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், வியாபாரிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சந்திரனும் வந்தார். கன்னம் கொழுக்கட்டை போல வீங்கியிருந்தது. பல்வலி. வாயைத் திறக்கவே முடியவில்லை, எங்கே காயைக் கடிப்பது! அந்தக் கன்னத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது. கர்த்தர் என்னை மன்னிப்பாராக. அடுத்த நிமிஷமே உள்ளம் குத்தியது, ஆனாலும் முதலில் வந்தது சந்தோஷம்தான்.

முதலாளிக்கோ புகையிலை போட்டுப் போட்டு நாக்கு மரத்துப்போயிருந்தது. வேறு வழி இல்லாமல் பின்கட்டுக்கு வந்தார். "ஜெயமணி, இன்னிக்கு ஒருநா மட்டும் வா. கடிக்க வேணாம். குலுக்கிப் பாத்துச் சொன்னாப் போதும்."

போனேன். நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை, பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி அள்ளிக் குலுக்கிச் சொன்னேன். வியாபாரிகள் கடித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். பிறகு, மேலே மலையில் பெரிய தோட்டம் வைத்திருந்த ஒருவரின் மூட்டைகள் வந்தன. காய் பச்சைப்பசேல் என்றிருந்தது. வியாபாரி ஒருவர் நாலு காயைக் கடித்து, "முதல் ரகம்" என்றே சொல்லிவிட்டார். நான் குலுக்கினேன். ஊடே ஊடே கலகலவென்று சத்தம். நிறம் போகாமல் பூட்டி வைத்த போன வருஷக் காயைப் புதுக் காயோடு கலந்திருக்கிறார்கள்.

சொன்னேன். அங்கேயே நின்ற தோட்டக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன முதலாளி, ஏங் காய்க்கு ரகம் சொல்ல இந்தப் பொம்பளதான் கிடைச்சாளா?"

முதலாளி என் பக்கம் குனிந்தார். "சந்தேகம்னா விட்டுரு ஆத்தா. அவுக கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா நமக்கு ஆகாது. நீ சொன்னது தப்பாப் போச்சுன்னா உன்னையக் கடையிலயே வச்சுக்க முடியாது."

வாயை மூடிக்கொண்டால் காய் பொறுக்கும் வேலையாவது மிஞ்சும். "ஆண்டவரே, நீர் கொடுத்த காது. என்னைக் கைவிடாதேயும்" என்று உள்ளுக்குள் கதறினேன். பிறகு சொன்னேன். "சந்தேகம் இல்ல முதலாளி. பழைய காயி இருக்கு."

வியாபாரிகளில் வயதானவர் கையை நீட்டினார். "நீயே எடுத்துக் குடும்மா." ஒவ்வொன்றாகக் காதோரம் குலுக்கிப் பார்த்து ஐந்து காய் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றைக் கடித்தார். இரண்டாவதைக் கடித்தார். துப்பினார். "காரமே இல்ல. இது போன வருசத்துக் காயிதான்" என்றார். தோட்டக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பயலுக கலந்துட்டானுக போல" என்றார். "அடுத்த வாரமும் இந்தம்மாவையே சொல்லச் சொல்லுங்க" என்றார் அந்த வயதானவர்.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. மார்கழி முடியும் வரை நின்றுகொண்டேதான் ரகம் சொன்னேன். தை பிறந்தபின் ஒருநாள் முதலாளி நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "உக்காரு. நீ நிக்கிறதப் பாத்து எனக்குக் கால் வலிக்குது" என்றார். உட்கார்ந்தேன். அந்த வாரம் ஆலயத்தில் ஸ்தோத்திரம் சொல்ல எழுந்தவர் என் கணவர். "என் மனைவிக்குக் கர்த்தர் உயர்வு கொடுத்தார்" என்று எல்லோர் முன்னாலும் தலை நிமிர்ந்து சொன்னார். பெண்கள் வரிசையில் உட்கார்ந்து நான் விம்மி விம்மி அழுதேன்.

சந்திரனிடம் போய், அவர் கன்னம் வீங்கியதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "எனக்கு இந்த வேலையே பிடிக்கலக்கா. மாமா சொல்லிட்டாகன்னு வந்தேன்" என்றார். பிறகு எடை பார்க்கிற பக்கம் போய்விட்டார்.

பெண்கள் வாயை ஊதிக் காட்டுகிற வழக்கத்தை நிறுத்தும்படி முதலாளியிடம் கேட்டேன். ஒரு மாதம் விடாமல் கேட்ட பிறகு நிறுத்தினார். கருப்பாயி மட்டும் ரொம்ப நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளையே பக்கத்தில் வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். சில வருஷம் கழித்து இன்னொரு கடையில் ரகம் பார்க்க ஆள் கேட்டார்கள். அவளைத்தான் அனுப்பினேன்.

சகோதரிகளே, உங்களில் மில்லுக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள், பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு மேலே வருகிறவர் நல்லவராக இருக்கவேண்டும் என்று ஜெபிக்கிறீர்கள். நானும் அப்படித்தான் ஜெபித்தேன். கேட்டபடியே நல்லவர்களும் வந்தார்கள், நான் தரையிலேயே இருந்தேன். அந்த வேலையை எனக்கே தாரும் என்று கேட்க எனக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. கேட்ட பத்தாம் நாள் அவர் கதவைத் திறந்தார். வீட்டுக்குப் போனதும் முழங்கால் போட்டு, எந்த வேலை உங்களுக்கு வேண்டுமோ அதைப் பெயர் சொல்லி, எனக்கு என்று கேளுங்கள்.