ஓர் அத்தியாயம் குறைவாக

புத்தகப் பெட்டிகள் வந்து இறங்கிய மாலை, பினாங் தீவின் சுங்கை பினாங் அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. ஆரோக்கியநாதன் ஒவ்வொரு பெட்டியாகத் தோளில் ஏற்றி ஆறாவது மாடிக்குச் சுமந்து வந்தார். கடைசிப் பெட்டியை இறக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"உன் நாவல் ரொம்ப கனம்னு யாராச்சும் சொன்னா நானே சாட்சிக்கு வரேன்லா."

அவர் மனைவி வெரோனிக்கா சிரித்தாள். ஒரு பிரதியை எடுத்து விரித்து மூக்கருகே வைத்துக்கொண்டாள். 'பாலத்தைக் கடக்கும் பெண்கள்' என்ற தலைப்பின் கீழே அவள் பெயர் இருந்தது. அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், லென்ஸ் வழியாகப் பார்த்துப் பழுதான சில்லுகளைப் பிரித்தெடுப்பது அவள் வேலை. திருமணமான வருடத்திலிருந்து அதே வேலை. நாவல் முழுவதையும் கைப்பேசியில்தான் எழுதினாள், கேண்டீனில் பாதி, தொழிற்சாலைப் பேருந்தில் மீதி. தீவிலிருந்து பாலம் ஏறி அக்கரைக்குப் போய்வரும் பெண்களின் கதை அது. அந்தப் பெண்கள் அவளோடு அதே பேருந்தில் தூங்கி வழிந்துகொண்டு வந்தவர்கள்தான்.

அவர்களில் ஒருத்தி மர்ஜானா. வெரோனிக்காவைவிட நான்கைந்து வயது மூத்தவள். பக்கத்துக் கட்டடத்தில் குடியிருந்தாள். இருவரும் எப்போதும் ஒரே இருக்கையில்தான் உட்காருவார்கள். வெளியீட்டு விழா என்று பேச்சு எழுந்த நாளிலிருந்து எழுதியவளைவிட மர்ஜானாதான் அதிகம் பரபரத்தாள். தன் மாடி முழுவதும் போய் ஆட்களை அழைத்தாள். விழாவுக்குப் பலகாரம் தன் பொறுப்பு என்றாள். விழாவுக்கு உடுத்தப் புது பாஜு கூரோங் உடை தைக்கக் கொடுத்திருந்தாள்.

பெட்டிகள் வந்த மறுநாள் காலை பேருந்தில் அவள் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு, உங்க அண்ணன், சண்டே கடைக்கு லீவு போட்டுட்டு வரேன்னு சொல்லிட்டாரு. எனக்குத்தான் தமிழ் படிக்க வராதே, மலாய் ஸ்கூலு. தினம் சாப்பிட்டப்புறம் ஒவ்வொரு அத்தியாயமா அவரே வாசிச்சுக் காட்டுறாராம். இத்தன வருஷத்துல அவரு எனக்கு எதையாச்சும் வாசிச்சுக் காட்டியிருக்காரா, நீயே சொல்லு."

பேருந்து பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. வெரோனிக்கா கடலைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மர்ஜானாவின் கணவர் இப்ராஹிம் மளிகைச் சாமான்களை மொத்தமாக விற்கும் கடை ஒன்றில் கணக்குப் பார்ப்பவர். தமிழ்ப் பத்திரிகையை முதல் வரியிலிருந்து மரண அறிவிப்புவரை விடாமல் படிப்பவர். அவருடைய தாயார் படுக்கையில் விழுந்து இரண்டு வருடம் கிடந்தார். மர்ஜானா இரவு ஷிப்ட் முடித்து வந்து, மாமியாரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, பகலில் கிடைத்த நேரத்தில் தூங்குவாள். ஒருநாள் மதியம் மாமியார் அறையிலிருந்து கூப்பிட்டார். மர்ஜானா விழித்துத்தான் இருந்தாள். குரல் தெளிவாகக் கேட்டது. எழுந்திருக்கவில்லை. தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டு எழுந்து போய்ப் பார்த்தபோது மாமியார் இறந்திருந்தார். வீட்டுக்கு ஓடிவந்த இப்ராஹிம் கேட்ட முதல் கேள்வி, "உம்மா கூப்பிட்டாங்களா?" என்பது. "இல்ல, நான் தூங்கிட்டேன்," என்றாள் மர்ஜானா.

இதை அவள் வெரோனிக்காவிடம் மட்டும்தான் சொன்னாள். மழையில் பாலத்தின் நடுவே பேருந்து நகராமல் நின்ற ஒரு மாலையில், யாருக்கும் கேட்காத குரலில். வெரோனிக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இரண்டு வாரம் கழித்து அதே இருக்கையில், மர்ஜானா தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்க, அதைக் கைப்பேசியில் எழுதத் தொடங்கினாள். பெயரை மாற்றினாள். பட்டர்வொர்த்தில் குடியிருக்கும் இந்துப் பெண்ணாக ஆக்கினாள். ஆனால் மதியத்தை மாற்றவில்லை, தலையணையை மாற்றவில்லை. கணவனின் கேள்வியும் மனைவியின் பதிலும் சொன்னது சொன்னபடி இருந்தன. மாற்றிப் பார்த்தபோதெல்லாம் அந்த இடம் செத்துப்போனது.

அதுதான் பதினோராம் அத்தியாயம். விழாவில் நூலைப் பற்றிப் பேசவிருந்த கமாலுதீன், ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுத்தாளர் சங்கத்தின் தலைவர். அவர் முன்பிரதியைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்திருந்தார். "அந்த மாமியார் சாகுற அத்தியாயம் இருக்கே, படிச்சுட்டு புத்தகத்த மூடி வெச்சிட்டேன்மா. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

"கற்பனைதான் சார்," என்றாள் அவள். அன்று முழுவதும் மகிழ்ச்சியாகவும் இருந்தாள். பிறகு அதை நினைத்துத்தான் அதிகம் கூசினாள்.

பேருந்தில் மர்ஜானா அப்படிச் சொன்ன அன்று, வேலை முடிந்து வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பேர மாத்திட்டே தானே?" என்று கேட்டார் ஆரோக்கியநாதன்.

"பேர மாத்தினேன். ஆள மாத்தல."

"அப்ப அந்தக்காகிட்ட போய்ச் சொல்லு. இப்ராஹிம் அண்ணே வாசிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது."

அவள் உடனே போகவில்லை. முதலில் வேறு வழி தேடினாள். ஒரு பிரதியை எடுத்து, சமையலறை மேசையில் வைத்து, பிளேடால் பதினோராம் அத்தியாயத்தின் தாள்களை ஓரமாக அறுத்தெடுத்தாள். இப்ராஹிமுக்கு இதைக் கொடுத்துவிடலாம், அச்சகத்தில் ஏதோ தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. பழுதைக் கண்டுபிடித்துப் பழகிய கை. ஆனால் மூடி வைத்தபோது புத்தகம் முதுகில் லேசாகக் குழிந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இப்ராஹிமின் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் தமிழ் படிப்பவர்கள் என்பது நினைவுக்கு வந்தது. எத்தனை பிரதியை அறுப்பது? தன் வீட்டில், தன் புத்தகத்தோடு, திருடியைப்போல் உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை காலை மர்ஜானாவின் வீட்டுக்குப் போனாள். இப்ராஹிம் கடைக்குப் போயிருந்தார். மர்ஜானா தரையில் பத்திரிகைத்தாளை விரித்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"வா, உக்காரு. நாளைக்கு சம்பல் ரொட்டி போடலாம்னு இருக்கேன். விழா நடக்குற டேவான்ல சாப்பாடு சூடா வெக்க இடம் இருக்குல்ல?"

"அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்," என்றாள் வெரோனிக்கா.

சொல்லி முடிக்கும்வரை மர்ஜானாவின் விரல்கள் நிற்கவில்லை. தலையைக் கிள்ளி ஒருபக்கம், உடலை ஒருபக்கம் போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"கொண்டு வந்திருக்கியா?"

"ம்."

"வாசி."

"வேணாங்க்கா."

"எனக்குத் தெரியணும்ல. வாசி."

வெரோனிக்கா வாசித்தாள். பலமுறை திருத்தி எழுதி மனப்பாடமாகிப்போன வாக்கியங்கள். மர்ஜானா நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசிப்பு முடிந்ததும் நெத்திலித் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"மாமி ஒரு தடவதான் கூப்பிட்டாங்க. நீ மூணு தடவன்னு எழுதியிருக்கே."

"கதைக்காக..."

"ஒரு தடவதான் கூப்பிட்டாங்க," என்றாள் மர்ஜானா மறுபடியும். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு கடைசியில என்ன ஆகுறா?" என்று கேட்டாள்.

"புருஷன்கிட்ட உண்மையச் சொல்லிடுறா. அவன் மன்னிச்சிடுறான்."

"நீ எழுதினா மன்னிப்பான்." மர்ஜானா முந்தானையால் விரல்களைத் துடைத்தாள். "நான் ஏன் உன்கிட்ட சொன்னேன் தெரியுமா? வேற யாரா இருந்தாலும் ஏன், எப்படின்னு நோண்டியிருப்பாங்க. நீ ஒரு வார்த்த கேக்கல. இவ எவ்வளோ நல்லா கேட்டுக்கிறா பாருன்னு நெனச்சேன். இப்பத்தான் தெரியுது, நீ ஏன் அவ்வளோ நல்லா கேட்டேன்னு."

வெரோனிக்காவுக்கு அழுகை வந்தது. இங்கே அழுவதும் ஏமாற்றுதான் என்று தோன்ற அடக்கிக்கொண்டாள்.

"அக்கா, விழாவ நிறுத்திடவா?"

"அத என்னைக் கேக்காத. உன் புத்தகம். நாளைக்கு அவரு வருவாரு. வராதீங்கன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?" மர்ஜானா எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். "கதவ சாத்திட்டுப் போ."

படியிறங்கிக் கீழே வந்து, மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்திலிருந்தே வெரோனிக்கா கமாலுதீனை அழைத்தாள். விழாவைத் தள்ளிவைக்க வேண்டும் என்றாள். ஒரு நாள் முன்னால் இப்படிச் சொன்னால் யார்தான் பொறுப்பார்கள்? மண்டபம், விருந்தினர், அச்சடித்த அழைப்பிதழ் என்று அவர் வரிசையாகக் கேட்டார். அவர் கோபம் நியாயமானது.

"காரணத்தையாவது சொல்லுங்கம்மா."

"பதினோராம் அத்தியாயத்த எடுக்கணும் சார். அது எனக்குச் சொந்தமில்ல."

"சொந்தமில்லன்னா? எங்கேயிருந்தாச்சும் எடுத்ததா?"

அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. வேறு யாருடைய எழுத்தையோ பார்த்து எழுதியதாக நினைக்கிறார். இல்லை என்றால், பிறகு என்ன என்பார். உண்மையில் நடந்தது என்றால், யாருக்கு என்பார். அவளோடு பேருந்தில் யார் உட்காருவது என்பது விழாவுக்கு வர இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

வெரோனிக்கா பதில் சொல்லவில்லை.

"என்னம்மா இது," என்றார் கமாலுதீன், மெதுவாக. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். முன்பிரதி வாங்கிய மற்ற இருவரிடமிருந்தும் அவரே திரும்பப் பெற்றுக் கொடுத்தார். அதன் பிறகு அவளை அழைக்கவில்லை.

பேச்சு பரவியது. யாரோ ஒருவர் வாட்ஸாப் குழுவில் பெயர் சொல்லாமல், கடன் வாங்கிய எழுத்து பற்றி ஒரு பத்தி எழுதினார். கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. ஆரோக்கியநாதன் கொதித்துப்போய், "நான் பதில் போடுறேன், உண்மையச் சொல்லிடுறேன்," என்றார். அவள் கைப்பேசியை அவரிடமிருந்து வாங்கி வைத்துவிட்டாள். அந்தக் கெட்ட பெயர் தனக்கு வேண்டியதுதான் என்று நினைத்தாள். ஒரு வகையில் அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை.

பெட்டிகள் மறுபடியும் கீழே இறங்கிப் பழைய தாள் வாங்கும் லாரியில் ஏறின. ஒரே ஒரு முழுப் பிரதியை மட்டும் வெரோனிக்கா கொடுக்கவில்லை. அலமாரியில் கிறிஸ்மஸ் துணிகளுக்கு அடியில் வைத்தாள். ஆரோக்கியநாதனிடமும் சொல்லவில்லை. ஏன் வைத்தாள் என்று கேட்டால், அவள் எழுதியதிலேயே நன்றாக வந்தது அந்த அத்தியாயம்தான் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இதை மட்டும் விட்டுவிட்டு வந்தாள்.

எட்டு மாதம் கழித்து, பதினோராம் அத்தியாயம் இல்லாமல் நாவல் வேறு அச்சகத்தில் அச்சாகி, கோயில் மண்டபத்தில் ஞாயிறு பூசைக்குப் பிறகு வெளியானது. சங்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. பங்குமக்கள் கொஞ்சம் பேர், தொழிற்சாலைப் பெண்கள் ஐந்தாறு பேர். மர்ஜானா அந்தப் புது பாஜு கூரோங்கை உடுத்திக்கொண்டு, இப்ராஹிமோடு வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள். இப்ராஹிம் இரண்டு பிரதி வாங்கினார். பத்திரிகையில் வந்த சிறிய மதிப்புரை, நடுப்பகுதியில் கதை தொய்வடைகிறது என்றது. சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார்கள்.

இப்ராஹிம் சொன்னபடியே தினமும் வாசித்துக் காட்டினார். முடித்த பிறகு ஒருநாள் பேருந்தில் மர்ஜானா, "நல்லா இருக்குன்னாரு," என்றாள். அவ்வளவுதான். அவள் இப்போதும் வெரோனிக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். மீன் விலை, ஓவர்டைம், லிஃப்ட் எப்போது சரியாகும் என்பதெல்லாம் பேசுவாள். உடம்புக்கு என்ன, வீட்டில் என்ன என்பதை மட்டும் பேசமாட்டாள். வெரோனிக்காவும் கேட்பதில்லை. கேட்கும் உரிமை போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும்.

மர்ஜானாவின் மகள் அதிராவுக்கு நிச்சயமான செய்தியைக் கேண்டீனில் வேறொரு பெண் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். மாப்பிள்ளை கெப்பாலா பத்தாஸ் பக்கம், பேச்சு முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டதாம். அடுத்த விடுமுறை நாளில் ஒரு கேக் வாங்கிக்கொண்டு கணவரோடு மர்ஜானா வீட்டுக்குப் போனாள்.

மர்ஜானா கதவைத் திறந்து, "வாங்க, வாங்க," என்றாள். முகத்தில் குறை ஏதும் தெரியவில்லை. தேநீர் வந்தது, வறுத்த முந்திரி வந்தது. அதிரா வந்து சலாம் சொல்லி, நிச்சயதார்த்தப் படங்களைக் காட்டினாள். இப்ராஹிம் உற்சாகமாக இருந்தார்.

"வெரோ, அடுத்த புத்தகம் எப்ப? இவளுக்கு வாசிச்சுக் காட்ட ஒண்ணும் இல்லாம சும்மா உக்காந்திருக்கேன்."

மர்ஜானா கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"இப்போதைக்கு இல்ல அண்ணே," என்றாள் வெரோனிக்கா.

"ஏன்? நெறைய கத இருக்குமே உங்க பஸ்ஸுல."

"இருக்கும் அண்ணே. நான்தான் இப்ப பஸ்ஸுல தூங்கிடுறேன்."

மர்ஜானா ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்து அவளிடம் நீட்டினாள். பெரிய துண்டு. "சாப்பிடு," என்றாள். பிறகு ஆரோக்கியநாதன் பக்கம் திரும்பி, கல்யாணத்துக்கு மண்டபம் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று கேட்கத் தொடங்கினாள்.