உள்ளங்காலில் இருந்த கிட்னி

எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் கால் அமுக்கி வைத்தியம் பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஓர் அம்மாள் வந்தாள். பாதத்தின் படம் போட்ட தாளை ஆளுக்கொன்று கொடுத்தாள். மூளை முதல் மூத்திரப்பை வரை எல்லாம் அதில் குடியிருந்தன. எனக்கு எழுத்து தெரியாது. பச்சை என்றால் ஈரல், நாவல்பழ நிறம் என்றால் கிட்னி என்று மனதில் வைத்துக்கொண்டேன். படித்தவர்கள் கண்ணாடியைத் தேடி முடிப்பதற்குள் நான் குடலைத் தாண்டிவிட்டேன்.

தன் காலைத் தானே அமுக்க வேண்டுமாம். அந்த அம்மாளுக்கு வயிறே இல்லை, கால் சொன்னபடி மடிக்கு வந்தது. எங்களில் பாதிப்பேர் உள்ளங்காலைப் பார்த்தே வருஷங்கள் ஆகியிருந்தன. நான் முகம் துடைக்கும் துவர்த்தைப் பாதத்தில் மாட்டி இழுத்தேன், வந்துவிட்டது.

"எங்க அமுக்குனா வலிக்கோ, அந்த உறுப்புக்குத் தீனமாக்கும்" என்றாள் அந்த அம்மாள்.

வீட்டில் அமுக்கியபோது கிட்னியில் உயிர் போனது. மருமகளிடம் சொன்னது என் தப்பு. அவள் குவைத்திலிருக்கும் மகனிடம் சொன்னாள். அவன் போனில் என் பாதத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னான்:

"ஸ்கேன் எடுக்காம நீ தனியா பஸ் ஏறாண்டாம்மா."

வியாழன்தோறும் பஸ் ஏறி அருமனையிலுள்ள தங்கை வீட்டுக்குப் போவேன். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் என் இஷ்டத்துக்கு. அது போய்விடுமோ என்றுதான் பயந்தேனே தவிர, கிட்னி போவது பற்றி எனக்குக் கவலையில்லை. அதற்குள் மருமகள் என் சோற்றில் உப்பையும் குறைத்துவிட்டாள்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு கிட்னியும் நன்றாக இருந்தன. பிறகு ஏன் விந்தி நடக்கிறேன் என்று நர்ஸ் கேட்டாள். தீனமுள்ள இடத்தைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்து, சிறிய இடுக்கியால் எதையோ பிடுங்கினாள்.

"பாட்டி, இது கிட்னி இல்ல, மீன்முள்ளாக்கும்."

வெறுங்காலோடு நின்று மீன் கழுவியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மருமகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மகனோ, முள்ளைக் கண்டுபிடித்ததே கால் வைத்தியம்தான் என்று போனில் பெருமைப்பட்டான். சரி மக்களே, அப்படியே இருக்கட்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டு, நாளைக்கு பஸ் ஏறலாமா என்று கேட்டேன். அவனால் மறுக்க முடியவில்லை.

வியாழன் காலை, காலில் சின்னக் கட்டோடு அருமனையில் இறங்கினேன். கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துத் தங்கைக்கு இருமல் வந்தது. பிறகு என் மடியில் காலைத் தூக்கிப் போட்டாள்.

"எக்கா, எனக்கக் காலுலயும் ஒண்ணு அமுக்கிப் பாரேன். எனக்கும் ஏதாவது இருந்தா, ஸ்கேன் எடுக்கணும்னு சொல்லி அடுத்த வாரம் நான் உனக்க வீட்டுக்கு வரலாமில்லா."