இராஜாக்கமங்கலத்தில் லினக்ஸ் போட்ட கதை

பழைய லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டுக் கொடுக்கும் தொழிலில் கெட்ட பெயர் வாங்க, வேலை சொதப்ப வேண்டியதில்லை. நன்றாக முடிந்தாலே போதும். நீங்களும் யாருக்காவது போட்டுக் கொடுத்திருந்தால் தெரியும். மஸ்கட் வேலையை விட்டு வந்து இராஜாக்கமங்கலத்தில் கடை போட்டிருந்தேன். நானே லினக்ஸ் படித்தது ஆறு மாதம்தான். மூன்று மாதத்தில் கடை சூடுபிடிக்காவிட்டால் மறுபடி மஸ்கட் என்று மனைவி ஸ்டெல்லாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். போக எனக்குத் துளியும் மனமில்லை.

நிற்காத குறை

முதலில் வந்தவர் மணவாளக்குறிச்சியில் பத்திரம் எழுதுகிறவர். அவருடைய லேப்டாப் ஒரு பக்கம் அடிப்பதற்குள் நாலு தடவை நின்றுவிடும். லினக்ஸ் போட்டதும் பறந்தது. மறு வாரமே முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"முன்னே அது நின்னா நான் போய் ஒரு சாயா குடிப்பேன். இப்பம் எந்திரிக்கவே முடியல்ல. பழையபடி இடையிடையே நிக்க மாதிரி செய்து தாரும் வே!"

வைரஸ் வராத வீடு

தேங்காய்ப்பட்டணத்து மீன் வியாபாரி ஹாஜியாருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்து, இதற்கு வைரஸ் தொந்தரவு அநேகமாக இருக்காது என்று பெருமையாகச் சொன்னேன். யோசித்தார். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருகிறதே என்றார். அதற்கு வரும், இதைச் சீண்டாது என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"வைரஸுக்கே வேண்டாத சாதனத்தையா தம்பி என் தலையில கெட்டுன?"

காணாத பாஸ்வேர்டு

மூன்றாவது மாதம் எங்கள் சபை உபதேசியார் லேப்டாப்போடு வந்தார். இவர் வாயில் விழுந்தால் ஊரே கேட்டுவிடும். லினக்ஸ் போட்டுவிட்டு, தமிழ் எழுத்துரு ஏற்ற, கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்துப் பிறகு பாஸ்வேர்டு போடச் சொல்லித் தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் திரையில் பாஸ்வேர்டு அடித்தால் எழுத்தும் தெரியாது, புள்ளியும் தெரியாது. அதைச் சொல்ல மறந்துபோனேன்.

கீபோர்டு செத்துவிட்டது என்று புதிதாக இரண்டு வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, லேப்டாப்போடு சேர்த்து மூன்றையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உள்ளே போகும், நம்பி அடியுங்கள் என்றேன்.

"காணாததை விசுவாசிக்கணும்னு முப்பது வருசமா பிரசங்கம் பண்ணுதேன் மக்கா. ஆனா பாஸ்வேர்டுல அது கொஞ்சம் கஷ்டந்தான்."

நம்பி அடித்தார், எழுத்துரு ஏறியது. அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமே அதுதான். நான் பின் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை கடை வாசலில் ஏழு பேர், ஆளுக்கொரு லேப்டாப்போடு. முன்னால் நின்ற அக்கா சொன்னது:

"மத்ததெல்லாம் எப்படி வேணும்னாலும் இருக்கட்டும், அந்தக் காணாத பாஸ்வேர்டு மட்டும் இதுல வச்சுத் தா மக்கா!"

ஆறு மாதம் உட்கார்ந்து படித்த நான் பிடிக்க முடியாத ஊரை, பாஸ்வேர்டு போடத் தெரியாத ஒருவர் அரை மணி நேரப் பிரசங்கத்தில் பிடித்துக் கொடுத்துவிட்டார்.