அழக்கூடாத வகுப்பறை

எனக்கும் என் மாமியாருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்குக் கண் ஆபரேஷன் என்றபோது, துணைக்கு நான் போகிறேன் என்று நானே சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை. வேறு ஆளும் இல்லை. என் வீட்டுக்காரர் ரயில்வே வேலையில் வடக்கே எங்கோ பாலம் கட்டிக்கொண்டிருந்தார்.

அத்தைக்கு இருந்தது ஒரே கண். இன்னொன்றை, ஊர் ஊராகப் போய்ப் படலம் எடுக்கிறேன் என்று திரிந்த ஒருவன் ஊசியால் குத்திக் கெடுத்துவிட்டுப் போயிருந்தான். மிஞ்சிய கண்ணிலும் புரை முற்றிவிட்டது. சோற்றில் கிடக்கும் கல்லும் தெரியாது, எதிரில் நிற்கும் நானும் தெரியமாட்டேன். நான் தெரியாமல் போனதில் அவருக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை என்று அப்போது நினைத்துக்கொள்வேன். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பொம்மிடிப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் கேம்ப் என்று மாதா கோயிலில் பூசை முடிவில் சாமியார் அறிவித்தார். அத்தை வீட்டுக்கு வந்து, "இந்தக் கண்ணும் போச்சுன்னா நா கட்டைதான். ஆனது ஆவட்டும், போலாம்" என்றார்.

அது எழுபதுகளின் தொடக்கம். டாக்டர்கள் தூரத்து ஊரில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய விளக்கு, பெட்டி எல்லாம் மாட்டு வண்டியில் பள்ளிக்கூடத்துக்கு வந்தன. வாத்தியார் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, சுண்ணாம்பு அடித்த ஒரு அறையில் ஆபரேஷன் செய்தார்கள். வேலை முடிந்ததும் அடுத்த ஊர்க் கேம்ப்புக்கு ரயிலேறிவிட்டார்கள். அதன் பிறகு எங்களுக்கு மிச்சம் இருந்தது நர்ஸ் வேலை பார்க்கும் கேரளத்துக் கன்னியாஸ்திரி சிஸ்டர் ஒருவரும் உள்ளூர்ச் சேவைச் சங்கத்துக்காரர்களும்தான்.

சேவைச் சங்கம் என்றால் மைக் வைத்து, மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள் என்றுதான் எனக்கு எண்ணம். அதைக் கொஞ்சம் வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன். அங்கே போய்ப் பார்த்தால், தையற்கடைக்காரர் பழைய காக்கித் துணியில் சின்னச் சின்னப் பை தைத்துக்கொண்டிருந்தார். அதில் மணலை நிரப்பி, படுத்திருக்கிறவர்களின் தலைக்கு இரண்டு பக்கமும் வைக்க வேண்டும், தலை அசையாமல் இருக்க. பஞ்சாயத்துத் தேர்தலில் மண்டையை உடைத்துக்கொண்ட இரண்டு பெரிய குடும்பத்து ஆட்கள் ஒரே அண்டாவில் கஞ்சி கிண்டினார்கள். பேசிக்கொள்ளவில்லை, ஆனால் கிண்டினார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆளுக்கு ஒரு டீகூடத் தங்கள் காசில்தான் குடித்தார்கள்.

நாங்கள் பாய் போட்டுத் தங்கியிருந்த வகுப்பறைக்குப் பொறுப்பாக வந்தவர் ஒரு மாட்டுத் தரகர். நிலபுலம் உள்ள குடும்பம், ஐம்பது வயதிருக்கும். வாராவாரம் காரிமங்கலம் சந்தையில் நின்று கத்திக் கத்தி, சாதாரணமாகப் பேசினாலே ஊருக்குக் கேட்கும் தொண்டை. அவர் சொந்த வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூட நகர்த்தியிருக்க மாட்டார். இங்கே எந்தச் சாதி, எந்தத் தெரு என்று பார்க்காமல் எல்லோருடைய பெட்பேனையும் எடுத்துப் போய்க் கழுவி வந்தார். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுநாள் பொத்தாமல்.

சிஸ்டர் ஒவ்வொருவரிடமும் போய்ச் சட்டம் சொன்னார். இருமக்கூடாது, தும்மக்கூடாது, வெற்றிலை போடக்கூடாது, தலையைத் தூக்கக்கூடாது, சிரிக்கக்கூடாது, அழக்கூடாது. கண்ணில் போட்டிருக்கும் தையல் தலைமயிரைவிட மெல்லியது, அழுத்தம் வந்தால் பிரிந்துவிடும், பிரிந்தால் பார்வை அவ்வளவுதான்.

"சிரிக்காம இருக்கறது எங்கத்தைக்குப் பழக்கந்தாங்க சிஸ்டர்" என்றேன்.

"இவ கூட குடித்தனம் பண்ணுனா சிரிப்பு எங்கிருந்து வரும்?" என்று அத்தை உதட்டை அசைக்காமல் சொன்னார். பக்கத்துப் பாயில் இருந்தவர் சிரிக்கப் போக, சிஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் அதட்டினார்.

வாயைத் திறந்து கூப்பிடுவதும் நல்லதல்ல என்பதால், தரகர் ஒரு வழி கண்டுபிடித்தார். சந்தையில் கைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தானே மாட்டுக்கு விலை பேசுவார்கள்? அதையே இங்கே கொண்டுவந்துவிட்டார். அவர் ஒவ்வொரு பாயாக வந்து கையை நீட்டுவார். ஒரு விரலைப் பிடித்தால் தண்ணீர். இரண்டு விரல் என்றால் பெட்பேன். மூன்று என்றால் கண் வலிக்கிறது, சிஸ்டரைக் கூப்பிடு. கண்ணைக் கட்டிக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்த அத்தனை பேரும் ஒரே நாளில் அந்தப் பாஷையைப் படித்துவிட்டார்கள். அத்தை அவரிடம் மூன்று விரலைப் பிடித்ததே இல்லை. வலியைச் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஆபரேஷன் ஆகி இரண்டு நாள் போயிருக்கும். காலையில் நான் பள்ளிக்கூட கேட்டில் பால் வாங்க நின்றபோது, அத்தையின் தம்பி மகன் வந்தான். மொட்டைச் சைக்கிளை மிதித்து வந்திருந்தான், முகமே சரியில்லை. "அப்பா போயிட்டாருங்க அண்ணி. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவரு அங்கயே வுழுந்துட்டாரு" என்றான். "அத்தெ வராம எடுக்க மாட்டம்னு பெரியவங்க சொல்றாங்க. வண்டி கட்டிக்கிட்டு வரட்டுமா?"

காரிமங்கலம் பக்கத்தில் இருந்த அந்தத் தம்பியை அத்தை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். தாய் இல்லாத பிள்ளை. என்னிடம் அத்தை சிரித்துப் பேசிய நேரமெல்லாம் அந்தத் தம்பியைப் பற்றிப் பேசிய நேரம்தான். பால் செம்பை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன்.

தரகரும் நானும் ஒரே பேச்சாகச் சொன்னோம்: கட்டைப் பிரிக்கிற வரைக்கும் மறைத்துவிடலாம். சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க தம்பி. அவங்க கண்ணு. நாம யாரு மறைக்க?" என்றார். கூடப்பிறந்தவன் சாவைப் பற்றி, வீட்டை விட்டு வந்த கன்னியாஸ்திரிக்கு என்ன தெரியும் என்று எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "கண்ணு போனா நீங்களா வந்து கஞ்சி ஊத்துவீங்க?" என்று கேட்டும் விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்கப்பா செத்து அடக்கமும் ஆன பிறகுதான் எனக்குச் சொன்னாங்க. படிப்பு கெட்டுடக்கூடாதாம். இன்னும் எனக்கு அது ஆறல" என்றார்.

மூன்று பேருமாகப் போய் அத்தையின் பாய் அருகில் உட்கார்ந்தோம். சிஸ்டர் அத்தையின் நெற்றியில் ஒரு கையை அழுத்தி வைத்துக்கொண்டார், தலை எழுந்துவிடாமல். வழக்கமாக வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிடும் தரகர், அன்று "அம்மா" என்றார். பிறகு சிஸ்டர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார்.

அத்தையின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது, மூடிக்கொண்டது. கை துழாவித் தரகரின் கையைப் பிடித்தது. ஒரு விரல் இல்லை, இரண்டு விரல் இல்லை, ஐந்து விரலையும் சேர்த்து முறுக்கிப் பிடித்தது. தரகர் என்னைப் பார்த்தார். அதற்கு நாங்கள் அர்த்தம் எதுவும் வைத்திருக்கவில்லை. பக்கத்து நோயாளிக்குத் துணைக்கு வந்தவள் வழக்கம்போல மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுக்கப் போனாள். மற்றப் பெண்கள் அவள் வாயைப் பொத்தி வெளியே இழுத்துப் போனார்கள்.

அவர்கள் போனதும் அத்தை பேசினார். "சிஸ்டர், நா அழலீங்க. நீங்க அழாதீங்க. எங்கையில தண்ணி வுழுது."

பிறகு கேட்டார்: "நா போனா அவனப் பாக்க முடியுமா?"

"கட்டை அவுக்க முடியாதும்மா. பாக்க முடியாது."

"அப்பறம் போயி என்னா ஆவப்போவுது. எடுத்துறச் சொல்லுங்க. எனக்காகப் போட்டு வெக்க வேணாம். ஆனா அக்கா வூட்டுக் கோடி மட்டும் போயிரணும். கோடியில்லாம எந்தம்பி போவக்கூடாது."

கோடித் துணியை யார் கொண்டுபோவது? மகன் வடக்கே இருக்கிறார், தந்தி கொடுத்தாலும் வந்து சேரமாட்டார். நான் போனால் அத்தைக்குப் பக்கத்தில் ஆள் இல்லை, அந்த நேரத்தில் அவரை விட்டுப் போக எனக்கு மனமும் இல்லை. தரகர் தோளில் கிடந்த துண்டை உதறினார். "நா போறன். அது நம்ம சந்தை ரோடுதானுங்க" என்றார். போகும்போது அத்தையிடம் குனிந்து, "எல்லாத்தயும் பாத்துட்டு வந்து சொல்றன்க்கா" என்றார்.

பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். அந்தத் தொண்டையை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, அத்தையின் காதருகில் உட்கார்ந்து சொன்னார். அத்தை ஒவ்வொன்றாகக் கேட்டார். மூஞ்சி எப்படி இருந்தது? தூங்குற மாரி இருந்துச்சுங்க. கையில ஜெபமாலை சுத்துனாங்களா? சுத்துனாங்க. கோடியைப் போத்துனாங்களா? நானே போத்தினன்.

"நீங்க யாருன்னு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. அக்கா வூட்டு ஆளுன்னுட்டன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "கோயிலுக்குள்ள எப்ப நிக்கறது, எப்ப முட்டி போடறதுன்னு ஒண்ணும் புரியலக்கா. எல்லாரும் போட்டப்ப போட்டன். எழுந்தப்ப எழுந்தன். தப்பா இருந்தா உங்க சாமி மன்னிச்சிரும்."

அந்த மனிதரின் காலில் நான் எழுந்து விழுந்திருக்க வேண்டும். கஞ்சி இருக்கிறது, குடியுங்கள் என்று மட்டும்தான் வாயில் வந்தது.

கட்டைப் பிரித்த அன்று, சிஸ்டர் காட்டிய விரல்களை அத்தை சரியாகச் சொன்னார். தையல் பிரியவில்லை. ஆனாலும் கண்ணாடி கொடுக்கிற வரைக்கும் கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவரை எல்லாச் சட்டமும் அப்படியேதான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம். துக்கம் கேட்க வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், அத்தை மரம் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஜெபமாலையை மட்டும் விரல் உருட்டிக்கொண்டே இருக்கும். வளர்த்த தம்பிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, என்ன கல்நெஞ்சு என்று தண்ணீர்க் குழாயடியில் பேசினார்கள். நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, என் மாமியாருக்காக முதல்முறையாக ஊரோடு சண்டை போட்டேன். எனக்கு அது நன்றாகவே வந்தது.

ஒன்றரை மாதம் கழித்து, கண்ணாடி கொடுக்க அதே பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, வகுப்பறையில் பெஞ்சுகள் போட்டிருந்தன. சிஸ்டர் வந்திருந்தார். தரகர் சோடாப்புட்டிக் கண்ணாடிகளைத் துண்டால் துடைத்துத் துடைத்து எடுத்துக் கொடுத்தார். அத்தைக்குச் சிஸ்டரே மாட்டிவிட்டார். அத்தை முதலில் தன் கையைப் பார்த்தார். அப்புறம் சிஸ்டரை, தரகரை, கடைசியாக என்னை. என்னை நிறைய நேரம் பார்த்தார். "எளச்சிட்டியே கண்ணு" என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வெளியே போக அனுமதி கேட்பதுபோல, மெதுவாகக் கேட்டார்.

"சிஸ்டர், இனி அழலாமுங்களா?"

சிஸ்டர் ஆம் என்று தலையை ஆட்டினார். அத்தை கண்ணாடியைக் கழற்றி, உடைந்துவிடாமல் வைத்துக்கொள் என்று என் கையில் கொடுத்தார். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தம்பி என்று கூப்பிட்டு அழ ஆரம்பித்தார்.