அக்காவுக்கு எப்போதும் மூன்று

மெல்பேர்னின் கிழக்குப் பக்கத்தில் நான் பஸ் ஓட்டுகிறேன். வீடு ரோவிலில். நான்கு வருடங்களுக்கு முன்னால், ஒரு குளிர்காலக் காலையில், டிப்போவில் பஸ்ஸைக் கிளப்ப உட்கார்ந்தபோது என் வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. விரல்கள் தொடங்கும் இடத்து மூட்டுகள் எல்லாம் வீங்கிச் சூடாக இருந்தன. சில வாரங்களாகவே காலையில் கை விறைப்பதும், சுடுதண்ணீரில் வைத்தால் இளகுவதுமாக இருந்தது. குளிர்தான் காரணம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அன்று சமாதானம் எடுபடவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடும்ப மருத்துவரிடம் போனேன்.

அவர் இரத்தம் எடுக்க அனுப்பினார். இரண்டு நாள் கழித்து முடிவைத் திரையில் காட்டினார். முடக்குவாதம். அதற்குக் கீழே ஒரு எண்ணைச் சுட்டிக்காட்டினார். சி.ஆர்.பி. ஐம்பத்திரண்டு. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஈரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரந்து இரத்தத்தில் விடுமாம். ஐந்துக்குக் கீழே இருந்தால் நல்லது என்றார். நான் வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அக்கா சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிறாள். என்னைவிட ஒன்றரை வயது மூத்தவள். அவளுக்கு இதே நோய் எனக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்பே வந்துவிட்டது.

"எனக்கும் வந்திட்டுது அக்கா," என்றேன்.

"ஐயோ. சி.ஆர்.பி. எவ்வளவு?"

"ஐம்பத்திரண்டு."

அக்கா மெதுவாகச் சொன்னாள். "எனக்கு மூண்டு."

ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனாலும் அந்தக் குரலை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்கு அவள் தொண்ணூற்றெட்டு எடுத்துவிட்டு, எனக்கு எவ்வளவு என்று கேட்கும் குரல் அது. அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

அப்படித்தான் எங்கள் போட்டி தொடங்கியது. மூட்டு மருத்துவ நிபுணர் எனக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் மாத்திரைகளைக் கொடுத்தார். மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை. முடிவு வந்த அன்றைக்கே நாங்கள் இருவரும் எண்களைச் சொல்லிக்கொள்வோம். என்னுடையது முப்பத்தொன்றானது. பிறகு பதினெட்டு. பிறகு ஒன்பது. ஒவ்வொரு முறையும் அக்கா, "பரவாயில்லை, முன்னேறுறாய்," என்று ஆசிரியை மாதிரிச் சொல்வாள். அவளுக்கு எப்போதும் மூன்று. ஒரு தடவை இரண்டு. அந்த மாதம் அவளோடு பேசவே முடியவில்லை, அவ்வளவு பெருமை.

பத்து மாதத்தில் நான் மறுபடி பஸ்ஸில் ஏறிவிட்டேன். விரல்களை மடக்கிக் கையை மூட முடிந்தது. எண் ஆறுக்கு வந்தது. அடுத்த மாதம் திடீரென்று நாற்பது.

நான் பதறிப்போய் நிபுணரிடம் ஓடினேன். அவர் அறுபது வயது தாண்டிய, கட்டை முடி வைத்த அம்மணி. என் எண்ணைப் பார்த்துவிட்டுக் கணினியை மூடினார். என் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். மணிக்கட்டு, முழங்கை, முழங்கால். எங்கும் நோகவில்லை.

"பல் ஏதாவது வலிக்கிறதா?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்தேன். கடைவாய்ப் பல் ஒன்று இரண்டு வாரமாகக் குத்திக்கொண்டிருந்தது. பல் மருத்துவர் என்றால் எனக்குப் பயம். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

அவர் சிரித்தார். "இந்த எண் வீட்டில் இருக்கும் புகை மணி மாதிரி. குசினியில் என்ன கருகுகிறது என்று அதற்குத் தெரியாது. சும்மா அலறும். சில பேருடைய வீட்டில் நெருப்பே பிடித்தாலும் அலறாது. அதனால்தான் நான் முதலில் கையைப் பார்க்கிறேன்."

குசினி என்ற சொல் நான் போட்டது. அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். பல்லைப் பிடுங்கியதும் எண் ஐந்துக்கு இறங்கியது. நான் அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவள் பல்லைப் பற்றி மட்டும்தான் கேலி செய்தாள். நெருப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அந்தச் செப்டெம்பர் பாடசாலை விடுமுறைக்கு நான் சிட்னிக்குப் போனேன். விமான நிலையத்துக்கு அக்காவின் கணவர், அத்தான், தனியாக வந்திருந்தார். வீட்டுக் கதவைத் திறந்த அக்காவைப் பார்த்து ஒரு கணம் திகைத்தேன். இடுப்பு வரை இருந்த முடியைக் காதளவுக்கு வெட்டியிருந்தாள்.

"எப்பிடி, ஸ்டைலா இருக்கே?" என்றாள்.

நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொன்னேன்.

மறுநாள் காலை நான் எழுந்து குசினிக்குப் போனால் அத்தான் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் அவர் தேநீரைத் தவிர வேறெதுவும் செய்து நான் பார்த்ததில்லை. மா தேசிக்காய் அளவில் கட்டி கட்டியாக உருண்டு கிடந்தது. அக்கா பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்து கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதென்ன அத்தான், புட்டா கொழுக்கட்டையா?"

"உன்ர அக்கா சொல்லுறதைத்தான் செய்யிறன். பிழை எல்லாம் அவவின்ர," என்றார்.

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்தபடியே அக்கா எழுந்து குழாயடிக்குப் போனாள். குழாயை அவள் விரலால் திறக்கவில்லை. முழங்கைக்குக் கீழே உள்ள பகுதியால் தள்ளித் திறந்தாள். பழகிப்போன அசைவு. அத்தான் அதைக் கவனிக்கவே இல்லை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, கையைக் காட்டு."

"ஏன்?"

"காட்டு."

துவாயால் துடைத்துக்கொண்டே நீட்டினாள். என் கை அந்தக் குளிர்காலத்தில் இருந்ததைவிட மோசமாக இருந்தது. இரண்டு கைகளிலும் மூட்டுகள் பள்ளம் தெரியாமல் வீங்கியிருந்தன. தொட்டேன். சுட்டது.

"எப்ப இருந்து?"

"ஒரு வருசம் இருக்கும்."

"டொக்டரிட்டச் சொன்னியே?"

"சொன்னனான். அவர் கொம்பியூட்டரைப் பாத்திட்டு, இரத்தம் நல்லா இருக்கு எண்டார். மூண்டுதானே. அப்ப நான் நினைச்சன், நோ எல்லாம் என்ர மனசிலதான் எண்டு." வெட்டிய முடியைத் தொட்டாள். "தலைப்பின்னல் போட ஏலாமல்தான் முடியை வெட்டினனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"உனக்கு என்னெண்டு சொல்லுறது? ஒவ்வொரு மாசமும் நான்தானே வெல்லுறன்."

அத்தான் மாக் கையோடு அப்படியே நின்றார். முடி வெட்டியதன் காரணம் அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. அக்காவின் மூட்டு நிபுணர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். வேறு நிபுணரை அவள் தேடவில்லை. எண் நன்றாக இருப்பதால் குடும்ப மருத்துவரே பழைய மாத்திரையைத் தொடர்ந்து எழுதிக் கொடுத்துவந்தார். அன்றே நான் அவளை அவரிடம் கூட்டிப்போனேன். அவர் வழக்கம்போலத் திரையைத் திருப்பினார். நான், "தயவுசெய்து ஒருதரம் கையைத் தொட்டுப் பாருங்கள்," என்றேன். தொட்டார். அவருடைய முகம் மாறியது. நல்ல மனிதர், மழுப்பவில்லை. "நான் இதை முன்பே செய்திருக்க வேண்டும்," என்று சொல்லிவிட்டு நிபுணருக்கு அவசரக் கடிதம் எழுதினார். எங்கள் அதிர்ஷ்டம், அந்த வாரமே யாரோ வராமல்விட்ட நேரம் ஒன்று கிடைத்தது.

புதிய நிபுணர் இளைஞர். அக்காவின் விரல்களில் குளிர்ந்த களிம்பைப் பூசி ஸ்கேன் கருவியை வைத்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் எலும்பு தெரிந்தது. அதைச் சுற்றிச் செம்மஞ்சள் நிறத்தில் புள்ளி புள்ளியாக மின்னியது. அழற்சி உள்ள இடத்துக்கு இரத்தம் அப்படிப் பாய்கிறது என்று விளக்கினார். சில பேருக்கு மூட்டில் இவ்வளவு நடந்தாலும் இரத்தத்தில் அந்த எண் ஏறாதாம். அக்கா அந்த வகை.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "அப்ப நான் பொய் சொல்லேல்ல."

"ஆர் உன்னைப் பொய் எண்டது?"

"நான்தான்."

கண் கலங்கியிருந்தது. ஆனால் அவள் தளர்ந்துபோகவில்லை. ஒரு வருடமாகத் தூக்கித் திரிந்த ஏதோ ஒன்றை இறக்கி வைத்தவள் போல நிமிர்ந்து இருந்தாள்.

மாத்திரையோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசியும் சேர்ந்தது. வீட்டிலேயே போடும் பேனா மாதிரியான ஊசி. அத்தான் தான்தான் போடுவேன் என்று அடம்பிடித்தார். தாதி கொடுத்த பயிற்சிப் பேனாவால் மூன்று நாள் சோபாத் தலையணைக்குக் குத்திப் பழகினார். முதல் நிஜ ஊசியின்போது அவருக்குத்தான் தலை சுற்றியது. அக்கா அவரைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்துவிட்டு, தானே வயிற்றில் போட்டுக்கொண்டாள்.

மூன்று மாதம் போனது. அவளுடைய சி.ஆர்.பி. அப்போதும் மூன்றுதான். அதை இப்போது நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. அழுத்தினால் நோகிற மூட்டு எத்தனை என்று கேட்டுக்கொள்கிறோம். பதினாலில் தொடங்கியவள் ஐந்துக்கு வந்தாள், பிறகு இரண்டுக்கு. ஒருமுறை நான் சோம்பேறித்தனத்தில் இரண்டு வாரம் மாத்திரையைத் தவறவிட்டு, நோகிற மூட்டு நான்கு என்று சொன்னபோது அக்காவிடம் நன்றாக ஏச்சு வாங்கினேன்.

போன ஈஸ்டருக்கு அக்காவும் அத்தானும் காரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இருட்டுவதற்குள் வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். நாலு மணிக்கே வாசலில் ஹோர்ன் கேட்டது. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்கியது அக்கா.

"அல்பரியில இருந்து நான்தான் ஓட்டினனான்," என்றாள். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். "பஸ் ஓட்டுறவையை விட வேகமா வந்திட்டன்."

மற்றப் பக்கத்தால் இறங்கிய அத்தான் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். வேகத்துக்குத் தண்டக் கடிதம் வந்தால் அது அவருடைய பெயருக்குத்தான் வரும் என்றார். உள்ளே போய் நான் தேநீருக்குக் கேத்தலைப் போட்டேன்.