பெட்டி மேலே போக வேண்டும்

பயணியாக இருப்பதும் ஒரு தொழில்தான். அதற்குச் சம்பளம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகே அறிந்துகொண்டேன். கும்மிடிப்பூண்டிக்கும் சென்னைக்கும் இடையே மின்சார ரயிலில் நின்றுகொண்டே சென்று, முன்பின் அறியாதவர்களின் பைகளை மடியிலும் தோளிலும் தாங்கிப் பழகியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தலைக்கு மேலே ஒரு பெட்டியை ஏற்றி வைப்பதில் எத்தனை முதுகுகளின் நலமும் எத்தனை பேரின் மானமும் அடங்கியிருக்கின்றன என்பது நம்மைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

வரக் கூடாத இடத்தில் வந்த ஒற்று

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், மூடிக் கிடந்த ஒரு திருமண மண்டபத்தின் மாடியில், ஒருநாள் புதிதாகப் பெயர்ப்பலகை ஏறியது: ‘விமான பணிப்பெண் பயிற்ச்சி நிலையம்’. வர வேண்டிய இடத்தில் ஒற்று வரவில்லை; வரக் கூடாத இடத்தில் வந்து நின்றது. காலமெல்லாம் தமிழ் கற்பித்தவள் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கடந்து போவது எப்படி? படியேறினேன். மேலாளர் பாஸ்கர், கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர், என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. ‘விமானப் பணிப்பெண்’ என்பதில் ‘ப்’ எங்கே என்று தொடங்கினேன்; ‘பயிற்சி’யில் றகர ஒற்றுக்குப் பின் இன்னொரு ஒற்றுக்கு இடமே இல்லை என்பதை விளக்கினேன்; படிக்கட்டின் கைப்பிடி ஆடுவதையும், மின்விசிறி முனகுவதையும், வந்தவருக்குக் குடிநீர் தரப்படாததையும் சுட்டிக்காட்டி முடித்தேன்.

பயிற்சிக்கு வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். பாஸ்கர் மட்டும் முகம் மலர்ந்து, கைகூப்பிச் சொன்னார்: “டீச்சர், இந்த மாதிரி கம்ப்ளெயிண்ட் பண்ற பேசஞ்சரத்தான் தேடிக்கினு இருக்கேன். இதையே தினம் வந்து பண்ணுங்க, சம்பளம் போட்டுத் தர்றேன்!”

எத்து

எங்கள் விமானத்துக்கு இறக்கை இல்லை. பழைய ஆம்னி பேருந்து ஒன்றின் இருக்கைகளை வரிசையாகப் பதித்து, அவற்றுக்கு மேலே பெட்டி வைக்கும் அறைகளைத் தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் இரும்புத் தகட்டால் செய்து பொருத்தியிருந்தார்கள். பொருத்திய பட்டறைக்காரர், “பிளேனு வுயுந்தாலும் இது வுயாது சார்” என்று உறுதிமொழி அளித்துவிட்டுப் போனாராம். அவற்றின் கீழே மூன்றாம் வரிசையில் சன்னலோரமாக நான் அமர்ந்து, குறை சொல்ல வேண்டும். பயிற்சியளிப்பவர் சுவர்ணா, முன்பு விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர், ஆந்திர எல்லையில் தடாப் பக்கத்தைச் சேர்ந்தவர். தமிழும் தெலுங்கும் அவர் பேச்சில் ஒன்றுக்கொன்று இடம் விட்டுக் கொடுத்து உட்கார்ந்திருக்கும்.

பவானி என்ற பெண் சேர்ந்த முதல் நாள். நடைபாதையில் சக்கரப் பெட்டி நின்றது. சுவர்ணா இடுப்பில் கைவைத்து, “ஊம், பெட்டிய எத்து!” என்றார். தெலுங்கில் ‘எத்து’ என்றால் தூக்கு. எங்கள் வட்டாரப் பேச்சில் ‘எத்து’ என்றால் காலால் உதை. பவானி ஒரு கணம் தயங்கினாள், “இன்னா மேடம், நெஜமாவா?” என்று கேட்டாள். “எத்தும்மா, எத்து! பயம் எந்துக்கு?” என்றார் சுவர்ணா. ஆசிரியர் சொல்லைத் தட்டாத பிள்ளை; விட்டாள் ஓர் உதை. சக்கரங்கள் அன்றுதான் எண்ணெய் இடப்பட்டவை. பெட்டி நடைபாதை முழுவதும் ஓடி, கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த பாஸ்கரின் முழங்காலில் போய் நின்றது.

அவர் காலைப் பிடித்துக்கொண்டு கத்தியதை அப்படியே தருகிறேன்: “மேடம், ஒண்ணு தமிழ்ல சொல்லுங்க, இல்ல தெலுங்குல சொல்லுங்க. ரெண்டையும் கலந்தீங்கன்னா எனக்குக் காலு மிஞ்சாது!”

கை சும்மா இருக்கிறதே

இந்தப் பவானியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சோழவரத்துக்கு அப்பால் நெல் பயிரிடும் குடும்பத்துப் பெண். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. காலை ஷிப்ட் முடித்து, கம்பெனிப் பேருந்தில் இறங்கி, நேரே எங்கள் விமானத்தில் ஏறுவாள். அங்கே அவளை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மாத இறுதிக்குள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். இட்டுவிட்டால் சில ஆண்டுகளுக்கு விலக முடியாது. அதற்குள் ஒரே ஒரு விமான நிறுவனத்தின் நேர்காணல் வரவிருந்தது. அதே நிறுவனம் முன்பு ஒருமுறை அவளைத் திருப்பி அனுப்பியிருந்தது. “இந்த வாட்டியும் பெட்டி ஒழுங்கா மேல போவலன்னா, ஆயுசுக்கும் கம்பெனி பஸ்ஸுல குந்திக்கினு போவ வேண்டியதுதான் டீச்சர்” என்றாள். ‘குந்திக்கினு’ என்பதைத் திருத்த வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

முன்பு ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று சுவர்ணா கேட்டதற்கு, செய்தே காட்டினாள். பெட்டியை ஒரே வீச்சில் தூக்கித் தலைமேல் வைத்தாள். இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். பிறகு தலையாலேயே அதை மேலேயிருந்த அறைக்குள் தள்ளினாள். புல்லுக்கட்டு சுமந்த கழுத்து அப்படித்தான் செய்யும். விமானம் ஓர் உலுக்கு உலுக்கினால் கழுத்தெலும்பு என்னாகும் என்று சுவர்ணா பதறினார். அன்றே பாடம் தொடங்கியது. கால்களை அகற்றி, ஒன்றைச் சற்று முன்னே வை. குனியாதே, முழங்காலை மடக்கு. பெட்டி மார்போடு ஒட்டியிருக்கட்டும். தரையிலிருந்து நேரே உச்சிக்கு ஏற்றாதே. முதலில் இருக்கையின் கைப்பிடிக்கு, அங்கே பிடியை மாற்றிக்கொண்டு மேலே. இடுப்பைத் திருகாதே, காலை எடுத்து வைத்துத் திரும்பு. அறையின் முகப்பில் பெட்டியின் விளிம்பைச் சாய்த்துவிட்டு உள்ளே தள்ளு.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பவானி ஓர் ஐயம் எழுப்பினாள்: “அதெல்லாம் சரி மேடம். ஆனா தலைல வெச்சா கை சும்மா இருக்கில்ல? பேசஞ்சருக்கு வணக்கம் வெக்கலாம்!”

உள்ளே என்ன இருக்கிறது?

பயிற்சிப் பெட்டிகளுக்குள் பழைய செய்தித்தாள்களைத் திணித்து வைத்திருந்தார் பாஸ்கர். செய்தித்தாள் சுமந்து பழகியவள் உண்மைப் பயணியின் பெட்டியை எப்படிச் சுமப்பாள்? எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்கு ஒத்துவராது. மறுநாள் என் சொந்தப் பெட்டியை வீட்டிலிருந்து கொண்டுவந்தேன். இரண்டு புடவைகள், ஓர் அகராதி, என் கையால் போட்ட எலுமிச்சை ஊறுகாய் ஒரு பெரிய புட்டி. அன்று பாஸ்கரும் பயணியாகி, வெள்ளைச் சட்டையோடு என் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தார்.

பவானி பிழையின்றித் தூக்கினாள். கால் சரி, முதுகு சரி, கைப்பிடியில் நிறுத்தி மாற்றியதும் சரி. கேட்க வேண்டிய ஒன்றைத்தான் கேட்கவில்லை: உடையக்கூடியதோ சிந்தக்கூடியதோ உள்ளே இருக்கிறதா என்பதை. நானாகச் சொல்லக் கூடாது. மோசமான பயணியாக இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பெட்டி படுக்கை வசமாக மேலே போனது. சற்று நேரத்தில் பாஸ்கரின் தோளில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. சட்டையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கண்டம் உருவாகிப் பரவியது. “டீச்சர்! இன்னாது இது?” என்று அலறினார். “தாளித்த நல்லெண்ணெய்” என்றேன், உண்மையைச் சொல்ல வேண்டிய கட்டம் வந்துவிட்டதால். பவானிக்கு அழுகை முட்டியது. அதன்பின் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவள் ஒரு கைப்பையைக்கூடத் தொட்டதில்லை.

சுவர்ணா மட்டும் அருகே வந்து, பாஸ்கரின் தோளை முகர்ந்து பார்த்துவிட்டு, அமைதியாகக் கேட்டார்: “வாசன பாகுந்தி சார், ரொம்ப நல்லாருக்கு. நாஷ்டாவுக்கு ரெண்டு இட்லி கொண்டாரட்டுமா?”

தாயார் வருகை

நேர்காணலுக்கு முந்தைய வாரம், மகள் நாள்தோறும் தாமதமாக வீடு திரும்பும் மர்மத்தை அறிந்துகொள்ளப் பவானியின் தாயார் நேரில் வந்துவிட்டார். நடவு முடித்துக் கால் கழுவிய கையோடு பேருந்து ஏறியவர். அவரைப் பயணியாகவே அமர வைத்தோம். இருக்கையின் மெத்தையை அழுத்திப் பார்த்தார், “பஸ்ஸு சீட்டுதான இது?” என்று முதல் பார்வையிலேயே எங்கள் மானத்தை வாங்கினார். பவானி அன்று முழுச் சீருடையில் இருந்தாள். கொண்டை, உதட்டுச் சாயம், கழுத்தில் பட்டுத்துணி. ஒரு பெட்டியை ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள்.

தாயாருக்குப் பொறுக்கவில்லை. “இத்தயேதான கம்பெனிலயும் பண்ற? அங்க இதுக்கு ஓவர்டைம் தர்றான். நெரந்தரமும் பண்றேன்றான். அத்த வுட்டுட்டு இங்க வந்து எதுக்கு முதுக ஒடிச்சுக்கற?” என்றார். பவானி பெட்டியைக் கைப்பிடியில் நிறுத்தி, பிடியை மாற்றி, மூச்சு வாங்காமல் மேலே சேர்த்தாள், பிறகு தாயாரின் பக்கம் குனிந்து, நான் பயிற்றுவித்த செந்தமிழில், “அம்மா, தங்கள் உடைமைகள் பத்திரமாக உள்ளன, அருந்துவதற்கு ஏதேனும் வேண்டுமா?” என்றாள். ‘உடமை’ என்று சொல்லாமல் ‘உடைமை’ என்று சொன்னதில் எனக்குக் கண் பனித்தது. தாயாருக்கும் ஏதோ பனித்திருக்க வேண்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. படியிறங்கும்போது திரும்பி மகளைப் பார்த்துக் கேட்டார்: “எல்லாம் சரிடி, பொட்டி தூக்கறதுக்கு லிப்ஸ்டிக்கு இன்னாத்துக்கு?”

யாருடைய முதுகு

நேர்காணல் நாளன்று எங்கள் நிலையத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. குறை சொல்வதற்கே அமர்த்தப்பட்ட நான் அன்று ஒரு குறையும் சொல்லவில்லை. பாஸ்கர் வந்து எனக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார். மாலையில் பவானி வந்தாள். எதையும் முகத்தில் காட்டாமல், நடந்ததை அப்படியே நடித்துக் காட்டினாள்.

தேர்வாளர்களில் ஒருவர் பயணியாக அமர்ந்திருந்தார். பருத்த உடல், மடியில் செய்தித்தாள். “என் பெட்டியை மேலே வை” என்றாராம். அவளுக்கு முன்னால் போனவர்களில் சிலர் பல்லைக் கடித்துத் தூக்கினார்கள். சிலர் பாதியில் விட்டார்கள். பவானி முதலில் உள்ளே உடையக்கூடியது உண்டா என்று கேட்டாள். பிறகு பெட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். சாயவே மறுத்தது, வேண்டுமென்றே இரும்போ கல்லோ நிரப்பியிருந்தார்கள். இதற்கு எங்கள் மாடியில் பாடம் இல்லை. தூக்காவிட்டால் வேலை போகும். தூக்கினால் முதுகு போகும். அவள் ஊரில், கட்டு பெரிதாக இருந்தால் யாரும் தனியே தூக்குவதில்லை. வரப்பில் போகிறவர் யாராயினும், பகையாளியே ஆயினும், கூப்பிட்டால் வந்து ஒரு கை கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அந்தப் பழக்கத்தில் அவள் வாய் தானாகத் திறந்தது. “சார், இது ஒரு ஆளு தூக்கற பெட்டி இல்ல. ஒரு கை குடுங்க.”

“தயவுசெய்து என்று சொன்னாயா?” என்று நான் குறுக்கிட்டேன். “மறந்துட்டேன் டீச்சர்” என்றாள். நான் நெற்றியில் கைவைத்துக்கொண்டேன். தேர்வாளர் செய்தித்தாளை இறக்கி, “நான் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவன். நான் எதுக்குத் தூக்கணும்?” என்று கேட்டாராம். அதற்கு இவள் சொன்ன விடை: “பெட்டி உங்களுது சார். முதுகு என்னுது.”

எந்த வண்டி?

அவர் எழுந்தாராம். இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவர். இவள் “ஒண்ணு, ரெண்டு” சொல்ல, பெட்டி கைப்பிடிக்கு வந்து, அங்கிருந்து மேலே போய், பெட்டியறைக் கதவும் சாத்தப்பட்டது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே குறிப்பேட்டில் ஏதோ எழுதினாராம். என்ன எழுதினார் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது: மருத்துவப் பரிசோதனைக்கு வரச்சொல்லி அவள் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. தொழிற்சாலையில் நிரந்தரத்துக்குக் கையெழுத்திட வேண்டிய நாளுக்கு இன்னும் இரண்டு நாள்கள் இருந்தன. பவானி நேரே மேற்பார்வையாளரிடம் போய் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு வந்தாள். சுவர்ணா அவளைக் கட்டிக்கொண்டு தெலுங்கில் மட்டுமே அழுதார்.

பரிசோதனைக்குப் போகும் காலையில் அவள் நெடுஞ்சாலை நிறுத்தத்தில் சென்னைப் பேருந்துக்காக நின்றிருக்கிறாள். பழக்க தோஷத்தில் கம்பெனிப் பேருந்து அவள் முன்னே வந்து நின்றிருக்கிறது. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தி, “இன்னாமா வேடிக்க பாத்துக்கினு இருக்க? ஏறு, டைம் ஆவுது” என்றிருக்கிறார். பவானி தலையை ஆட்டி, வானத்தைக் காட்டி, பெருமையோடு சொல்லியிருக்கிறாள்: “நான் இந்த வண்டி இல்லண்ணா. இனிமே மேல போற வண்டி.”

ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டுப் பதறி இறங்கி வந்தாராம்: “காலங்காத்தால இன்னா பேச்சுமா இது? ஊட்ல எதுனா சண்டையா?”

ஆக, தோழர்களே, பிறரை ஆகாயத்துக்கு அனுப்பிவிட்டு அதே இருக்கையில் அமர்ந்து அடுத்த குறையைத் தேடும் இந்தப் பயணத்தில் ஒரே ஒரு வசதிதான் உண்டு, விமானம் ஒருநாளும் தாமதமாகக் கிளம்பியதில்லை.